ஆடிட்டர் ஆபீஸுக்கு பைண்டிங் மெஷின்: காம்ப், வைரோ, ஸ்பைரல், தெர்மல் – எது சரி?

ஈரோடு ஆடிட் ஆபீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சாரையும் சேர்த்து எட்டுப் பேர். பிரிண்ட் எடுப்பது, பக்க எண் சரிபார்ப்பது, கையெழுத்து வாங்குவது, பார்ட்டியிடம் கொடுப்பது வரை ரிப்போர்ட் சம்பந்தப்பட்ட எல்லாமே என் பொறுப்பு.

பைண்டிங்குக்கு மட்டும் இதுவரை பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு புத்தகத்துக்கு 40 ரூபாய். போன மாதம் ஒரு மஞ்சள் வியாபாரியின் பேலன்ஸ் ஷீட் இரண்டு தாள், இன்னொரு பார்ட்டியின் லோன் ரிப்போர்ட்டுக்குள் சேர்ந்து பைண்ட் ஆகி வந்துவிட்டது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் கண்ணில் பட்டது. இரண்டு பேரும் ஒரே தொழில், ஒரே மார்க்கெட். ஒருவர் கணக்கு இன்னொருவர் கையில் போயிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? பார்ட்டியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியில் விடுவது 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படியே தொழில் ஒழுங்கீனம். அன்றைக்கே சாரிடம் சொல்லிவிட்டேன், இனி ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது, ஆபீஸிலேயே மெஷின் வாங்கிவிடலாம் என்று. அவரும் ஒத்துக்கொண்டார். 15,000 ரூபாய்க்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வேலை இப்படி இருக்கும். பேங்க் லோனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சிஎம்ஏ (லோனுக்காக பேங்க் கேட்கும் கணக்கு அட்டவணைகள்) எல்லாம் சேர்த்து 50, 60 தாள் வரும், ஒவ்வொன்றும் மூன்று காப்பி. வாரத்துக்கு ஐந்தாறு இருக்கும். டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் 30 தாள், இரண்டு காப்பி. செப்டம்பர் 30 நெருங்கும்போது ஒரு நாளைக்குப் பத்து பார்ட்டிகூட வரும். இது போக, ஆடிட்டுக்கு ஆதாரமாக நாங்களே வைத்துக்கொள்ளும் ஃபைல்கள். 150 முதல் 300 தாள், ஏழு வருடம் பத்திரமாக வைக்க வேண்டும்.

கடையில் கேட்டால் வைரோ (இரட்டைக் கம்பி வளையம்) வாங்குங்கள், பார்க்க ரிச்சாக இருக்கும் என்கிறார்கள். சார் சென்னையில் ஒரு பெரிய ஆபீஸில் தெர்மல் பைண்டிங் பார்த்துவிட்டு வந்து அதையே சொல்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோவை சைட் இன்ஜினியர்:

நான் வைரோவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எங்கள் கட்டட அலுவலகத்தில் நாலு வருடமாக ஓடுகிறது. சைட்டில் ஒரு கையில் டேப், இன்னொரு கையில் புத்தகம் என்று நிற்கும்போது, திறந்த பக்கத்தை அப்படியே பின்னால் முழுசாக மடித்துப் பிடிக்க முடிவது வைரோவிலும் ஸ்பைரலிலும்தான். காம்பை, அதாவது சீப்பு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை, அப்படி மடித்தால் விட்டுப் போகும்.

வாங்குவதாக இருந்தால் 3:1 என்று கேளுங்கள். இன்ச்சுக்கு மூன்று துளை, ஏ4 நீளத்துக்கு 34 வளையம், சுமார் 120 தாள் வரை தாங்கும். அதைவிடத் தடிமன் என்றால் 2:1 கம்பி, 23 வளையம், துளையும் பெரிசு. இரண்டுக்கும் ஒரே டை (துளை குத்தும் அச்சு) ஆகாது. இதை விற்பவர்கள் முதலில் சொல்வதில்லை. 300 தாள் ஃபைல் எல்லாம் இதில் நடக்காது.

மதுரை பைண்டிங் பட்டறை:

மேடம், மெஷினை அப்புறம் பார்க்கலாம். அந்தப் புத்தகம் உங்கள் கையை விட்டுப் போன பிறகு அதை யார் பிரிப்பார்கள், எதற்குப் பிரிப்பார்கள்? அதை முதலில் சொல்லுங்கள். இருபத்தாறு வருடமாக பைண்டிங்கிலும், ஆபீஸ்களுக்குப் போய் இந்த மெஷின்களைப் பழுது பார்ப்பதிலும்தான் என் பிழைப்பு. தப்பான மெஷின் வாங்கிவிட்டு மூடி வைத்திருக்கும் ஆபீஸ்களில் எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் வாங்கியிருப்பார்கள்.

ஒரு ஆபீஸில் நல்ல கரன்ட் வைரோ மெஷினே வாங்கினார்கள். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள், மெஷின் ஓடவில்லை என்று. போய்ப் பார்த்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை. அவர்களுடைய ரிப்போர்ட்டில் கடைசி நேரத்தில் ஏதாவது ஒரு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். வைரோ கம்பியை ஒரு தடவை நெரித்து மூடினால் மூடியதுதான். பிரித்தால் கம்பி குப்பைக்குப் போகும், புதுக் கம்பி போட வேண்டும். பத்துத் தடவை அப்படிச் செய்து அலுத்துப் போய், திரும்பவும் கடைக்கே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஜினியர் தம்பி சொன்னது அவர் வேலைக்கு நூற்றுக்கு நூறு சரி. உங்கள் வேலை வேறு.

தெர்மல் பற்றி. அட்டையின் முதுகில் பசை தடவியே வரும். தாளை உள்ளே தட்டி நிறுத்தி, மெஷின் சூடானதும் ஒரு நிமிடம் போல வைத்து எடுத்து, முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தி ஆறவிட வேண்டும். அவசரத்தில் ஆறுவதற்குள் புரட்டினால் நடுத் தாள்கள் கழன்று வரும். துளையே கிடையாது, பார்க்கப் புத்தகம் மாதிரி இருக்கும், அது உண்மை. ஆனால் 30 தாளுக்கு ஒரு அட்டை, 60 தாளுக்கு ஒரு அட்டை என்று முதுகு அளவு பார்த்துப் பார்த்து இருப்பு வைக்க வேண்டும். தெர்மலில் யாரும் தாளை மாற்ற முடியாது என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்ப வேண்டாம். திரும்பச் சூடு காட்டினால் பசை இளகும், தாளை உருவிவிடலாம். உங்கள் ரிப்போர்ட்டுக்குக் காவல் பக்க எண்ணும், ஒவ்வொரு பக்கத்துக் கையெழுத்தும் சீலும்தான். பைண்டிங்கிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பைரல் எனக்குப் பிடித்தது. பையில் போட்டு நசுங்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், கூரியரில் போவதற்கு அதைப் போல எதுவும் இல்லை. ஆனால் ஏ4 நீளத்தில் நாற்பதுக்கும் மேலே துளை. கையால் சுற்றிச் சுற்றி ஏற்றி, இரண்டு முனையையும் வெட்டி உள்பக்கம் மடக்க வேண்டும். பழகின கைக்கு ஒன்றும் இல்லை. ஒரு சாயங்காலத்தில் இருபது புத்தகம் என்றால் உங்கள் ஆபீஸ் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலிக்கும்.

நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால் என் மனசில் இருப்பது காம்ப். 21 வளையம், நீள்சதுரத் துளை. திறக்கலாம், ஒரு தாளை மாற்றலாம், அதே வளையத்தில் மூடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: செப்டம்பர் கடைசியில் பத்து பார்ட்டி, இரண்டு காப்பி, 30 தாள், மொத்தம் 600 தாள். தடவைக்குப் பத்துத் தாள் என்றால் 60 தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும். அட்டைகளுக்கு ஒரு இருபது தடவை. 80 இழுப்புக்குக் கரன்ட் மெஷின் தேவையில்லை, கை மெஷினே போதும்.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள். துளை போட ஒரு கைப்பிடி, வளையத்தை விரிக்க ஒரு கைப்பிடி என்று தனித்தனியாக இருக்கட்டும். ஒருவர் துளை போட, இன்னொருவர் கோக்கலாம். 20 தாள் என்று எழுதியிருந்தால் 12 தாளுக்கு மேல் வைக்காதீர்கள். எழுதியிருப்பது புது டைக்கு, மெல்லிய தாளுக்கு. துளையின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். சின்ன வளையத்துக்கு ஓரத்தை ஒட்டித் துளை, பெரிய வளையத்துக்குக் கொஞ்சம் உள்ளே. ஓரத்துப் பற்களைத் தேவைப்பட்டால் நிறுத்தி வைக்கும் வசதியும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஏ4 அல்லாத தாளில் கடைசித் துளை பாதி வெட்டுப்பட்டு, அங்கேதான் முதலில் கிழியும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஆபீஸ் தாளையே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் கொடுக்கும் தாளில் சோதிக்காதீர்கள். 12 தாள் வைத்து ஒரே இழுப்பு. பிறகு அடியில் இருந்த தாளைத் திருப்பி, துளை ஓரத்தைத் தடவுங்கள். பிசிறு இருந்தால் அந்த டை இப்போதே மழுங்கியிருக்கிறது. மேல் அட்டையாகப் போடும் ஓஹெச்பி ஷீட்டும் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) இரண்டு கொண்டு போங்கள். தனியாக வைத்தால் வளைந்து நழுவும். இரண்டு தாளுக்கு நடுவில் வைத்துக் குத்தினால் சுத்தமாக விழும். மெஷின்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வாங்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை.

வளையத்தின் அளவு. ஆபீஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. 60 தாள் 6 மி.மீ. வரும், அதற்கு 10 மி.மீ. வளையம். 30 தாளுக்கு 6 மி.மீ. இறுக்கம், 8 எடுங்கள். இந்த இரண்டு அளவும் இருந்தால் உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. வளையத்தில்தான் மட்டமான சரக்கு அதிகம். ஒரு வளையத்தை நகத்தால் விரித்து விட்டுவிடுங்கள். டக்கென்று சுருண்டு முதுகுக்குள் போய் மறைய வேண்டும். மெதுவாக மூடினாலோ இடைவெளி விட்டு நின்றாலோ வாங்காதீர்கள், வெயில் படும் அலமாரியில் அதுதான் முதலில் உடையும்.

அந்த ஏழு வருட ஃபைலுக்கு எந்த மெஷினும் வேண்டாம். நல்ல இரட்டைத் துளை பஞ்ச் ஒன்று, 80 மி.மீ. இடைவெளி உள்ளது. மேலும் கீழும் அட்டை, துளை வழியாகக் கோத்துக் கட்டும் டேக் கயிறு. யாராவது கேள்வி கேட்டால் ஒரு தாளை எடுக்க வேண்டும், திரும்பச் சேர்க்க வேண்டும். டேக் அளவுக்கு அதற்கு வசதியானது எதுவும் இல்லை.

நிரந்தரமாக வைக்கிற மினிட்ஸ் புத்தகம் மாதிரி ஏதாவது இருந்தால் அதைக் கேலிகோ பைண்டிங் (துணி ஒட்டிய கெட்டி அட்டை) போடுங்கள். எங்கள் அப்பா மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார், பூச்சி அண்டாது. அவர் போட்ட சில பேரேடுகள் இன்றும் முதுகு விடாமல் இருக்கின்றன, எடுத்துப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். உங்கள் ஊரிலும் பழைய பைண்டர்கள் இருப்பார்கள். கேட்டால் ஊசி, நூல், அட்டையோடு ஆபீஸுக்கே வந்து உங்கள் கண் முன்னால் தைத்துக் கொடுப்பார்கள். தாள் வெளியே போகவே வேண்டியதில்லை.

ஈரோடு ஆடிட் ஆபீஸ்:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றிங்க. நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே எங்களுக்குப் பழக்கமான ஒரு பேங்க் அலுவலரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புது விஷயம். ரிப்போர்ட் வந்ததும் மொத்தத்தையும் பிரித்து, ஸ்கேனரில் கட்டாக வைத்துத்தான் மேலிடத்துக்கு அனுப்புவார்களாம். வைரோவில் வந்தால் கம்பியைக் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு ஸ்டேப்ளர் அடித்து வைப்பார்களாம். நாங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கி அனுப்பிய புத்தகத்துக்கு இந்தக் கதியா என்று மனசு கஷ்டமாகிவிட்டது. காம்ப் என்றால் வளையத்தை விரித்துத் தாளை எடுத்துவிட்டுத் திரும்பக் கோத்துவிடுவோம் என்றார்.

சாரிடம் சொன்னேன். தெர்மலை விட்டுவிட்டார். இன்னொரு சந்தேகம். சில ரிப்போர்ட்டில் பத்திரத் தாளில் போட்ட ஒப்பந்தமும் சேரும். அது ஏ4-ஐ விட நீளம். அதை என்ன செய்வது?

சென்னை வக்கீல் குமாஸ்தா:

பத்திரத் தாள் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். அசல் பத்திரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடாதீர்கள். ஏ4-க்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து, அதைப் புத்தகத்தில் சேருங்கள். அசல் தனி பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஓரத்தில் குத்திய பத்திரங்களால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. துளை விழுந்த இடத்தில் முத்திரையோ கையெழுத்தின் நுனியோ இருந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் அதையே பிடித்துக்கொள்வார்.

அப்புறம், மெஷின் வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரில் இடது பக்க மார்ஜினைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2020-இல் ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சடிக்கலாம் என்று கொண்டுவந்தபோது, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர் விடச் சொன்னது. கட்டுகளைத் தைத்த பிறகும் எழுத்து உள்ளே மாட்டாமல் வாசிக்க முடிகிறது. நாங்கள் இன்றும் கோணி ஊசியும் நூலும்தான், அதனால் 4 செ.மீ. எங்களுக்குத் தேவை. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் இரண்டு பக்கமும் அச்சடிப்பீர்களானால் பின்பக்கத்தில் வலது ஓரமும் விட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அட்டவணையின் கடைசி எண் துளையில் போய்விட்டால் கணக்கு ரிப்போர்ட்டுக்கு அதைவிடக் கேடு இல்லை.

மதுரை பைண்டிங் பட்டறை:

குமாஸ்தா அண்ணன் சொன்ன மார்ஜின் விஷயத்தை நானே சொல்லியிருக்க வேண்டும். காம்புக்கு இரண்டரை செ.மீ. விடுங்கள், தாராளம். சிஎம்ஏ தாள் எல்லாம் படுக்கை வாக்கில் அச்சாகும், அதற்கு மேல் ஓரம்தான் பைண்டிங் ஓரம். அதையும் எக்செல்லில் மாற்றி வையுங்கள்.

இன்னொன்று. லேசர் பிரிண்டரில் இருந்து வந்த சூட்டோடு துளை போடாதீர்கள். தாள் சுருண்டிருக்கும், துளை வரிசை மாறும். கால் மணி நேரம் மேஜையில் கிடக்கட்டும், நாலு பக்கமும் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் குத்துங்கள். கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காமல், உடம்பு எடையைக் கொடுத்துக் கடைசிவரை ஒரே சீராக. அடியில் இருக்கும் துகள் தட்டைத் தினமும் கொட்டுங்கள். எனக்கு வரும் பழுதுகளில் பாதி, அந்தத் தட்டு நிரம்பி, துகள் மேலே ஏறிப் பற்களுக்கு நடுவில் அடைத்துக்கொண்டதுதான்.

கோவை சைட் இன்ஜினியர்:

பேங்கில் கம்பியை வெட்டுவார்கள் என்பது தெரியாது. அப்படியென்றால் உங்களுக்குக் காம்ப்தான் சரி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள். எங்கள் லோன் ரிப்போர்ட்டையும் இனி வைரோவில் அனுப்ப மாட்டோம்.

ஈரோடு ஆடிட் ஆபீஸ்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காம்ப் மெஷின் வாங்கியாகிவிட்டது. 7,400 ரூபாய். இரட்டைத் துளை பஞ்ச், டேக் கட்டு, அட்டை எல்லாம் சேர்த்தும் சார் சொன்ன தொகையில் நிறைய மிச்சம்.

அண்ணா சொன்ன மாதிரி எங்கள் தாள் ஒரு கட்டும் ஓஹெச்பி ஷீட்டும் கொண்டுபோனேன். முதலில் காட்டிய மெஷினில் 12 தாள் வைத்ததும் கைப்பிடி பாதியில் நின்றது. அடித் தாளில் இரண்டு துளை முழுசாக விழவே இல்லை, தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் புது மெஷின் அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகும் என்றார். நான் அடுத்ததைக் காட்டச் சொன்னேன். அதில் சுத்தமாக விழுந்தது. கைப்பிடி இரண்டும் தனி, ஆழத் திருகும் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் துளை வரிசை கோணலாகப் போனது. தாளை இடது ஓரத் தடுப்பில் சரியாக முட்டவைக்கவில்லை என்று பிறகு புரிந்தது. இப்போது எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, 60 தாள் புத்தகம் மூன்றை கால் மணி நேரத்தில் முடிக்கிறாள். நான் கோக்கிறேன், அவள் குத்துகிறாள். ஒரு பார்ட்டியின் தாள் முடிந்து உறைக்குள் போன பிறகுதான் அடுத்த பார்ட்டியின் தாள் மேஜைக்கு வர வேண்டும் என்று எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். எனக்கு மெஷினைவிட அதுதான் முக்கியம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு லோன் ரிப்போர்ட்டில் ஸ்டாக் மதிப்பு ஒரு பக்கம் மாறியது. வளையத்தை விரித்து அந்த ஒரு தாளை மாற்றி, கையெழுத்து வாங்கி, மூடி, அதே நாளில் பேங்கில் கொடுத்துவிட்டோம். முன்பானால் கடைக்கு ஓடி மொத்தத்தையும் திரும்பப் போட்டிருப்போம்.

ஈரோட்டில் வளையம் மூன்று கடைகளில் பார்த்தேன். நகத்தால் விரித்துப் பார்த்ததில் ஒரு கடைச் சரக்குதான் டக்கென்று மூடியது. அங்கே 8 மி.மீ. ஒரு பெட்டி, 10 மி.மீ. இரண்டு பெட்டி வாங்கி, வெயில் படாத கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். செப்டம்பருக்குப் போதும் என்று நினைக்கிறேன்.